மூலம்: நழுவிய கேஸ்கட்டின் கதை

'டாய்லெட்டில் செல்போன் பார்த்தால் மூலம் வரும்.' 2025 செப்டம்பரில் இந்தச் செய்தி சுற்றாத வாட்ஸ்அப் குழு இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பெருங்குடலை எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வந்த 125 பேரிடம் நடந்த ஆய்வு அது. 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியானது. மூன்றில் இரண்டு பேர் போனோடுதான் உள்ளே போகிறார்களாம். அவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதல்.

கொஞ்சம் பொறுங்கள். 125 பேர்தான். புதுச்சேரி கோரிமேட்டில், ஜிப்மரின் புறநோயாளிகள் பிரிவில் காலையில் நிற்கும் வரிசையே அதைவிட நீளம். வந்தவர்கள் எல்லாரும் 45 வயதைத் தொட்டவர்கள். போனால் மூலம் வந்ததா, மூலம் உள்ளவர் நேரமாகும் என்று தெரிந்து போனை எடுத்துப் போனாரா? இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அதில் உருப்படியான தகவல் ஒன்று உண்டு. போன்காரர்கள் மற்றவர்களைவிட அதிகமாக முக்கவில்லை. அதிக நேரம் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் போன் வைத்திருப்போரில் 37 சதவீதம், இல்லாதோரில் 7 சதவீதம். சந்தேகம் திரையை விட்டு இருக்கைக்குப் போகிறது. கம்மோடின் நடுவே உடம்புக்குத் தாங்கல் கிடையாது. நேரம் போகப்போக அங்கே ரத்தம் தேங்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இந்தியன் டாய்லெட்டில் கால் மரத்துப்போய் நாமே எழுந்துவிடுவோம். கம்மோடு பத்து ரீல்ஸ் வரை பொறுத்துக்கொள்ளும்.

ரத்தம் எங்கே தேங்குகிறது என்பதுதான் இதில் சுவாரசியமான இடம். ஆசனவாயைச் சுற்றிய சுருக்குத் தசை என்னதான் இறுகினாலும் நடுவில் சிறு இடைவெளி நிற்கும். அதை அடைப்பவை உள்சுவரில் உள்ள மூன்று மெத்தைகள். கடிகாரக் கணக்கில் 3, 7, 11 மணி என்பார்கள் அறுவை மருத்துவர்கள். ரத்தம் நிறைந்த நுண்ணறைகள், மெல்லிய தசை நார், இணைப்புத் திசு, அவ்வளவுதான் சமாசாரம். எல்லோருக்கும் உண்டு, பிறந்த குழந்தைக்கும் உண்டு. ஓய்வாக இருக்கும்போது ஆசனவாயை மூடிவைக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் இவற்றின் உபயம்.

குக்கர் மூடி எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் கேஸ்கட் இல்லாவிட்டால் விசில் வராது. அந்தக் கேஸ்கட்தான் இந்த மெத்தை. இருமினால், தும்மினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். அதே கணத்தில் மெத்தைகளில் ரத்தம் ஏறி, உப்பி, இன்னும் இறுக்கமாக அடைக்கும். குக்கர் கேஸ்கட் இப்படித் தானே உப்புவதில்லை. வாசலில் வந்து நிற்பது ஆவியா, கஞ்சியா, சோறா என்று பிரித்தறியும் நரம்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆவி என்றால் மட்டும் கேஸ்கட் சற்றே வழிவிடும். கஞ்சி என்றால் கதவைச் சாத்தும். மூடியைத் திறக்கும் வேளையில் தானே வற்றி ஒதுங்கிக்கொள்ளும். விசில் எண்ண மட்டும்தான் அதற்குத் தெரியாது.

வருடக்கணக்கில் முக்கினால், மலம் இறுகினால், கர்ப்ப காலத்தில், வயது ஏறும்போது, மெத்தையைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன. கேஸ்கட் பள்ளத்திலிருந்து நழுவி, திறக்கும்போதெல்லாம் கூடவே வெளியே வருகிறது. அதுதான் மூலம்.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வீங்கிய ரத்தநாளம் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டதை மெத்தை என்று விளக்கியவர் டபிள்யூ. எச். எஃப். தாம்சன், 1975இல். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு 1686 நவம்பரில் நடந்த அறுவை மூலத்துக்கு அல்ல, பவுத்திரத்துக்கு.

சுவரொட்டிகளில் இரண்டும் ஒரே வரியில் அச்சானாலும் வேறுவேறு. மலம் கழித்ததும் வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டினால் உள்மூலமாக இருக்கலாம். மெத்தை இருக்கும் உயரத்தில் வலி நரம்பு கிடையாது. பிளேடால் கீறியது போன்ற வலி என்றால் பெரும்பாலும் வெடிப்பு. திடீரென்று நீலம் பாரித்த, தொடவே முடியாத கட்டி வந்தால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கும். முதல் மூன்று நாளுக்குள் போனால் அதை எடுத்துவிடலாம், தாமதித்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே வற்றும். அருகில் கட்டி வந்து உடைந்து, சீழ் கசிந்துகொண்டே இருந்தால் அதுதான் பவுத்திரம். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ, போகும் பழக்கமே மாறினாலோ மூலம் என்று சொல்லிக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் வாசல் தட்டும்.

சிகிச்சை பெரும்பாலும் சமையலறையில் தொடங்குகிறது. ஏழு ஆய்வுகளை அலசிய 2005ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்று, நார்ச்சத்து ரத்தக்கசிவைப் பாதியாகக் குறைத்ததாகக் கண்டது. கீரை, கொய்யா, வாழைத்தண்டு, கேழ்வரகுக் கூழ், இசப்கோல், கூடவே தண்ணீர். கருணைக்கிழங்குக்கு இருக்கும் புகழில் நார்ச்சத்துக்கும் பங்கு உண்டு. காரம் மூலத்தைக் கிளப்பாது என்று 2006இல் இத்தாலியில் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் கொடுத்தது சாப்பாட்டோடு ஒரு கேப்ஸ்யூல் மிளகாய்த்தூள். நம்மூர் மீன்குழம்பு அந்த ஆய்வுக்குள் வராது.

வெளியே வந்து தானே உள்ளே போவது இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால் போவது மூன்றாம் நிலை. இந்த இரண்டு நிலைகளுக்கும், மெத்தையின் அடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினால் போதும் என்று 1963இல் ஜேம்ஸ் பாரன் காட்டினார். ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் சதை உதிர்ந்துவிடும். மயக்க மருந்து வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். உள்ளேயே போகாத நான்காம் நிலைக்குத்தான் பெரும்பாலும் கத்தி. 'வலியில்லா லேசர்' விளம்பரத்தைப் பார்த்துப் போகிறவர் தன்னுடையது எத்தனையாவது நிலை, திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் கேட்டுவிட வேண்டும். அறுத்து எடுப்பதைவிட லேசரில் மறுபடி வருவது அதிகம்.

'மூலம், பவுத்திரம், விரைவீக்கம், நிரந்தரக் குணம்' என்று சுவர்கள் சொல்கின்றன. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்றொரு அட்டவணை உண்டு: எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல். அந்த மூன்றும் அதில் இருக்கின்றன. சுவரொட்டிக்காரர்கள் மருந்தின் பெயரைப் போடுவதில்லை, போன் நம்பரை மட்டும் போடுகிறார்கள்.