நல்ல தண்ணீர் தேடும் கடல் சிங்கம்

கோடை முடியும் வேளையில், கலிபோர்னியாக் கடற்கரையில் ஒரு கடல் சிங்கம் தேங்கிய நல்ல தண்ணீரை உறிஞ்சிக் குடித்தால், கால்நடை மருத்துவர்களுக்கு வயிறு கலங்கிவிடும். இந்த விலங்கு சாதாரணமாகத் தண்ணீர் குடிப்பதில்லை. தின்னும் மீனிலுள்ள ஈரமே போதும். மீனோடு வரும் உப்பைச் சிறுநீரகம் கொஞ்சம் நீரிலேயே அடர்த்தியாகக் கரைத்து வெளியே அனுப்பிவிடும். அந்தச் சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தால் வியந்துபோவோம்: திராட்சைக் கொத்துபோல, எத்தனையோ குட்டிச் சிறுநீரகங்கள் ஒன்றுசேர்ந்தது அது.

இந்தச் சிறுநீரகத்தைக் கெடுப்பது லெப்டோஸ்பைரா. நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதைத் தரும் கிருமிதான். சுருள்கம்பி உடம்பைத் திருகித் திருகி நீந்தும். கண், வாய், தோலிலுள்ள கீறல் என எது கிடைத்தாலும் நுழைந்துவிடும். ரத்தத்தில் இருக்கும்வரை உடலின் எதிர்ப்புச் சக்தி அதை வேட்டையாடும்; சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் புகுந்துவிட்டால் அந்த வேட்டை எளிதில் எட்டாது. அங்கிருந்து சிறுநீரோடு வெளியேறி அடுத்த உடலைத் தேடும். பாறைகளில் உடலோடு உடல் உரசிக் கிடக்கும் கடல் சிங்கங்களிடையே அதற்கு வேலை சுலபம்.

எலியின் சிறுநீரகத்தில் இதே கிருமி பெரிய தொல்லையின்றி வாழ்நாள் முழுக்கத் தங்கும். கடல் சிங்கத்திலோ நுண்குழாய்கள் வீங்கிச் சிதைகின்றன. நீரைப் பிடித்துவைக்க முடியாமல் உடல் வறள்கிறது, தாகம் அதனால்தான். முன்துடுப்புகளை வயிற்றின்மேல் மடித்துக்கொண்டு, நகர மனமின்றிப் படுத்துக் கிடக்கும். கலிபோர்னியாவின் சாசலிட்டோவிலுள்ள கடல் பாலூட்டி மையத்தில் ஆன்டிபயாடிக்கும் திரவமும் ஏற்றுகிறார்கள். அப்படியும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிழைப்பதில்லை.

ஆனால் எல்லா உடலிலும் கதை இப்படி முடிவதில்லை. நோயின் சாயலே இல்லாத சில கடல் சிங்கங்களின் சிறுநீரிலும் இக்கிருமி இருந்தது. ஒரே இனத்துக்குள் ஒன்று சாகிறது, இன்னொன்று கிருமியைச் சுமந்தபடி மீன் பிடிக்கிறது. இந்த நோயில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நோய் வெடிப்பதும் வழக்கம். 2004-இலும் 2011-இலும் அது பெரிய அளவில் வெடித்தது. பிறகு 2013 முதல் 2017 வரை அந்தக் கரையில் கிருமியையே காணவில்லை. கடல் சூடேறி, இரை குறைந்து, குட்டிகள் பட்டினியில் ஏராளமாய் மடிந்த ஆண்டுகள் அவை. புதிதாகத் தொற்ற இளம் உடல்கள் குறைந்துபோயின. பின்னர் கிருமி திரும்பி வந்தபோது நிலைமை தலைகீழ்: இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து பிழைத்து வளர்ந்தவை அதைச் சந்தித்ததே இல்லை, அவற்றின் ரத்தத்தில் அதற்கு எதிரான காப்பும் இல்லை. 2018-இல் மீண்டும் கூட்டமாய் நோயுற்றன.