சுவரோவியங்களை மின்னாவணப்படுத்தல்: காஞ்சி கைலாசநாதர் கோயில்

சுவரோவிய மின்னாவணப்படுத்தல் என்பது, சுவரில் எஞ்சியுள்ள ஓவியத்தின் நிறம், கோடு, அளவு, அமைவிடம் ஆகியவற்றை எண்ணிம வடிவில் பதிவுசெய்து, உரிய குறிப்புகளுடன் நெடுங்காலம் பாதுகாத்து, பலரும் பார்க்க வழிசெய்வதாகும். ஒளிப்படம் எடுப்பது இதன் முதற்படி மட்டுமே. எங்கு, எப்போது எடுத்தது என்ற குறிப்பு இல்லாத படம், சில ஆண்டுகளில் யாருக்கும் பயன்படாத கோப்பாகிவிடும்.

கோயிலும் ஓவியங்களும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில், பல்லவ மன்னன் இராசசிம்மனால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் கட்டப்பட்டது. அதன் திருச்சுற்றில் வரிசையாகச் சிறு சன்னதிகள் உள்ளன. இவற்றின் உட்சுவர்களில் பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருந்த ஓவியங்களை, 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார்.

இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் துண்டுகளே. ஒரு சன்னதியில் சோமாசுகந்தர் வடிவத்தின் பகுதிகள் தெரிகின்றன. வேறு சிலவற்றில் ஒரு முகம், அணிகலன், சிவப்புக் கோடு என்ற அளவிலேயே காணமுடிகிறது. இதே மன்னன் கட்டிய பனைமலைக் கோயிலிலுள்ள தேவியின் ஓவியத்தையும் சேர்த்தால்தான் பல்லவர் கால ஓவியக்கலை பற்றி ஓரளவேனும் பேசமுடியும். சான்றுகள் இவ்வளவு குறைவாக இருப்பதால், உதிரும் ஒவ்வொரு துண்டும் பெரிய இழப்பாகும்.

மழைநீர்க் கசிவு, சுவருக்குள்ளிருந்து வெளிவரும் உப்பு, விளக்குப் புகை, பார்வையாளர்களின் கிறுக்கல் ஆகியவை சுண்ணச்சாந்தில் தீட்டிய ஓவியங்களுக்குப் பொதுவான பகைகள்.

அஜந்தா தரும் பாடம்

ஓவியங்களைப் படியெடுத்துக் காக்கும் முயற்சி புதியதன்று. அஜந்தா ஓவியங்களை இராபர்ட் கில் பல ஆண்டுகள் உழைத்துப் படியெடுத்தார். இலண்டன் பளிங்கு அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த அப்படிகள் 1866ஆம் ஆண்டுத் தீவிபத்தில் எரிந்தன. பின்னர், 1872 முதல் 1885 வரை ஜான் கிரிஃபித்சும் பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களும் எடுத்த படிகளில் பல, இலண்டனில் 1885இல் ஏற்பட்ட மற்றொரு தீயில் அழிந்தன.

படியெடுத்தால் மட்டும் போதாது. படிகள் ஒரே இடத்தில் இருக்கவும் கூடாது என்பதை இவ்விரு தீவிபத்துகளும் காட்டுகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் கிடைத்தற்கரிய நூல்களும் அழிந்தன. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் திரட்டும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது.

பதிவுசெய்யும் முறை

ஓவியத்தின் அருகில் நிற அட்டையும் அளவுகோலும் வைத்துப் படமெடுக்கப்படுகிறது. திரையில் தெரியும் சிவப்பு, சுவரிலுள்ள சிவப்புதானா என்று பிற்காலத்தவர் சரிபார்க்க நிற அட்டை உதவும். பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால் சாந்தின் வெடிப்பும் புடைப்பும் தெரியும். அகச்சிவப்புப் படங்களில், கண்ணுக்குப் புலப்படாத கரிக்கோடுகள் சில வேளைகளில் வெளிப்படும்.

மூலப்படம் தரவிழப்பில்லாத டிஃப் போன்ற வடிவத்தில் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் பார்க்கச் சிறிய ஜேபெக் படி போதும். மங்கிய இடங்களைக் கணினியில் தெளிவாக்கிய படத்தை மூலப்படத்திற்குப் பதிலாக வைக்கக்கூடாது. அது ஆய்வாளரின் ஊகம் என்று குறிப்பிட்டுத் தனியே வைக்கவேண்டும்.

குறிப்புகளும் தமிழும்

ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், சன்னதி எண், சுவரின் திசை, படமெடுத்த நாள், எடுத்தவர், உரிமை ஆகிய விவரங்கள் தேவை. இத்தகைய குறிப்புகள் மீதரவு எனப்படுகின்றன. கைலாசநாதர், கயிலாசநாதர், கைலாயநாதர் என எப்படித் தேடினாலும் ஒரே கோயிலின் படங்கள் கிடைக்குமாறு பெயர் வேறுபாடுகளையும் சேர்க்கவேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாம், டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் எழுதிய குறிப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் படம் இருந்தும் அதன் வரலாறு தொலைந்துவிடும்.

பாதுகாத்தல்

குறைந்தது மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறு ஊரில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. வன்தட்டுகள் பழுதாகும், கோப்பு வடிவங்களும் வழக்கொழியும். எனவே கோப்புகளை அவ்வப்போது சரிபார்த்துப் புதிய கருவிகளுக்கு மாற்றவேண்டும். திட்ட நிதி முடிந்தபின் இதைச் செய்வார் இல்லாததால் மறையும் இணையத் தொகுப்புகள் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற நிலையான அமைப்புகளின் தேவை இங்கேதான் தெரிகிறது.

மாணவர் பங்கு

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் உள்ளது. கைலாசநாதர் கோயிலுக்கு அங்கிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். அக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், கருவிகளுடன் முறையாகப் பதிவுசெய்ய உரிய அனுமதி பெறவேண்டும். அதற்கு முன்பே மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. வீடுகளிலும் நூலகங்களிலும் உள்ள பழைய கோயில் ஒளிப்படங்களைத் திரட்டி, நாளும் இடமும் குறித்து வைக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு படம், இன்று சுவரில் இல்லாத கோட்டைக் காட்டக்கூடும்.

மின்னாவணம் சுவருக்கு மாற்றாகாது. சாந்தின் அடுக்குகளையும் வண்ணப் பொருளையும் ஆராய மூல ஓவியமே வேண்டும். படம் எடுத்தாயிற்று என்று கூரைக் கசிவை அடைக்காமல் விட்டால், ஆவணம் இழப்பின் பட்டியலாக மட்டுமே எஞ்சும்.