கையில் ஸ்கிரிப்ட், மேடையில் பொம்மைப் பன்றி!

நடிப்பவர்களில் ஒருவர் வக்கீலாக இருக்கலாம், இன்னொருவர் ரிட்டயர்டு டீச்சராக இருக்கலாம். ஒத்திகைக்குக் கிடைப்பதோ கொஞ்ச நேரம். வசனம் மறந்தால் கையிலிருக்கும் ஸ்கிரிப்ட்டைப் பார்த்துக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் கதை முழுக்கத் தெரியுமே!

அமெரிக்காவில் இயங்கும் 'தி வுட்ஹவுஸ் சொசைட்டி'யின் கூட்டங்களில், ரசிகர்களே போடும் குட்டி நகைச்சுவை நாடகத்துக்குத் தனி மவுசு உண்டு. ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி.வுட்ஹவுஸின் வாசகர்கள் 1980-ல் தொடங்கிய அமைப்பு இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். கட்டுரை வாசிப்பார்கள், கதாபாத்திரங்களைப் போல வேஷமிட்டு விருந்துக்கு வருவார்கள். கூடவே, நாடகம்!

அத்தை போட்ட கண்டிஷன்

வுட்ஹவுஸ் கதைகளில் நாடகத்துக்குத் தோதான காட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. பெர்ட்டி வூஸ்டர் பணக்கார இளைஞன், வேலைவெட்டி கிடையாது. தானாக வம்பில் மாட்டிக்கொள்வான். அவனைக் காப்பாற்றுவது அவனுடைய வேலையாள் ஜீவ்ஸ்.

1938-ல் வெளிவந்த 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். பசு வடிவத்தில் செய்த ஒரு வெள்ளிப் பால்குவளையைத் திருடி வரச் சொல்கிறார் அத்தை டாலியா. மறுத்தால்? அவர் வீட்டு சமையல்காரர் அனடோலின் சாப்பாடு இனி கிடையாது! இந்தக் காட்சிக்கு செட் எதற்கு? ஒரு ட்ரே, ஒரு குவளை, அதட்டிப் பேசும் ஓர் அத்தை போதும். எம்ஸ்வொர்த் பிரபுவின் பரிசு வாங்கிய பன்றி வரும் கதை என்றால், கடையில் ஒரு பொம்மைப் பன்றி வாங்கினால் ஆயிற்று.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பெர்ட்டி கதையில் பாதிச் சிரிப்பு நடப்பதில் இல்லை, அதை அவன் சொல்லும் விதத்தில் இருக்கிறது. வசனத்தை மட்டும் உருவி எடுத்தால் நாடகம் சப்பென்று போய்விடும். அதனால் பெர்ட்டியை அவ்வப்போது சபையைப் பார்த்துப் பேசவைக்க வேண்டும், அல்லது கதைசொல்லி ஒருவரை ஓரத்தில் நிறுத்த வேண்டும்.

வுட்ஹவுஸே மேடைக்காரர்தான். 1917 வாக்கில் நியூயார்க்கின் பிரின்சஸ் தியேட்டருக்காக இசை நாடகங்கள் எழுதியவர். அதில் மொத்தமே 299 இருக்கைகள்! இசை இல்லாத இசை நாடகம் போலத்தான் தன் நாவல்களை எழுதுவதாக அவரே சொல்லியிருக்கிறார்.

சிரிப்புக்குக் கிடைத்த தண்டனை

இப்படிச் சிரிக்கவைத்த மனிதரை அந்தச் சிரிப்பே ஒருமுறை மாட்டிவிட்டது. 1940-ல் பிரான்ஸில் வசித்த அவரை ஜெர்மானியர்கள் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அங்கே சக கைதிகளைச் சிரிக்கவைக்க, முகாம் வாழ்க்கையையே வேடிக்கையாக எழுதி வாசித்துக் காட்டினார்.

1941-ல் விடுதலையான கையோடு, அதே தொனியில் ஜெர்மன் வானொலியில் அமெரிக்க நேயர்களுக்காகப் பேசினார். இங்கிலாந்து கொதித்தது. 'துரோகி' என்றார்கள். சில நூலகங்கள் அவருடைய புத்தகங்களைத் தூக்கி எறிந்தன. அவர் செய்தது அசட்டுத்தனம்தான், வழக்குப் போடும் அளவுக்கு எதுவும் இல்லை என்று 1944-லேயே விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்துவிட்டார். ஆனால் அந்த அறிக்கை 1980 வரை வெளியே வரவில்லை.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. போருக்குப் பிறகு வுட்ஹவுஸ் இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை. அமெரிக்கக் குடிமகனாகி, 1975-ல் 93 வயதில் அங்கேயே இறந்தார். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிரிட்டன் 'சர்' பட்டம் அறிவித்தது. 2019-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நினைவுக்கல்லும் வைத்தார்கள்.

கல்லில் பெயர் பொறிப்பது கௌரவம்தான். ஆனால் முகாமில் அவர் செய்ததை இந்த ரசிகர்கள் இன்றும் செய்கிறார்கள். கூடியிருப்பவர்கள் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். வசனம் மறந்துபோய் பெர்ட்டி விழிக்க, ட்ரேயோடு வரும் ஜீவ்ஸ் மெதுவாக எடுத்துக்கொடுத்தால், அதற்கும் கைதட்டல் விழும். கதையிலும் அவர் செய்வது அதைத்தானே!