பத்து மடங்கு போதும்

காளான் பார்க்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்கு லென்ஸ் ஒன்று, நல்லதாக. உடனே, “இருபது மடங்கு கிடைக்கிறதே, முப்பது கூட இருக்கிறதே, அதை வாங்கினால் என்ன?” என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், சொல்கிறேன்.

லென்ஸ் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது அதன் குவியத் தூரத்தைப் பொறுத்தது. 25 சென்டிமீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். 25 என்பது, கண் சிரமமில்லாமல் பார்க்கும் மிகக் கிட்டத்துத் தூரம் என்று பொதுவாக வைத்துக்கொண்ட அளவு. அப்படியானால் 10 மடங்கு லென்ஸுக்குக் குவியத் தூரம் 2.5 செ.மீ. 20 மடங்குக்கு 1.25 செ.மீ.தான். காளானை லென்ஸுக்கு அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவந்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும். தெளிவாகத் தெரியும் ஆழமும் சுருங்கிவிடும். காளான் தொப்பியின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுளின் விளிம்பு தெளிந்தால் அதன் பக்கம் மங்கும். கை லேசாக ஆடினால் இரண்டுமே போய்விடும். மழைக்கால மரநிழலில் இருக்கிற வெளிச்சமே கொஞ்சம். அங்கே 20 மடங்கு லென்ஸ் கையில் இருந்தும் பெரும்பாலும் பைக்குள்தான் கிடக்கும். 10 மடங்கில் நன்றாகப் பழகிய பிறகு இரண்டாவதாக அதை வாங்கலாம், தவறில்லை.

முப்பது மடங்கு என்று அச்சிட்டு மலிவாக விற்பதை வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 மில்லிமீட்டர் அகலத்தில் ஒற்றைக் கண்ணாடியாக இருந்துகொண்டு, மேலே 30 என்று போட்டிருக்கும். சாதாரணக் கண்ணாடியில் 21 மி.மீ. குறுக்களவுக்கு ஒரு முழு உருண்டையையே செய்தாலும் 16 மடங்குதான் வரும். அதைவிடத் தட்டையான லென்ஸ் 30 மடங்கு காட்டவே முடியாது. கடையிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலோ ஒரு வெள்ளைத் தாளிலோ லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே இருக்கும் மரம் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்து, 25ஐ அதனால் வகுத்துவிடுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் வந்தால் பத்து; ஐந்து வந்தால் வெறும் ஐந்து.

மடங்குக்கு அடுத்தது கண்ணாடியின் தரம். ஒற்றைக் கண்ணாடி லென்ஸில் பொருளின் ஓரம் நீலமும் மஞ்சளுமாகப் பிரிந்து தெரியும். விளிம்புப் பக்கம் கோடுகள் வளையும். காளானின் நிறமே ஓர் அடையாளம் என்பதால் இல்லாத நிறத்தை லென்ஸ் பூசுவது பெரிய இடைஞ்சல். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்யும் ‘ட்ரிப்லெட்’ இந்தக் குறையை வெகுவாகப் போக்கிவிடும். வைரம் பார்ப்பவர்கள் கையில் இருக்கும் 10 மடங்கு லென்ஸும் இதே வகைதான். நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெலாரஸ் நாட்டின் பெலோமோ லென்ஸைக் காளான் பார்ப்பவர்கள் பலர் விரும்பி வைத்திருக்கிறார்கள். விலை கூடத்தான், ஆனால் ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். கிராஃப் தாள் ஒன்றைக் கொண்டுபோய் லென்ஸ் வழியே பாருங்கள். கோடு ஓரம்வரை நேராக, நிறம் பிரியாமல் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பிடிக்கும் முறையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பூதக்கண்ணாடியைப் போலக் கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சின்ன வட்டம்தான் தெரியும். லென்ஸைக் கண்ணை ஒட்டி வைத்து, பிடித்த கையைக் கன்னத்தில் அழுத்திக்கொள்ளுங்கள். மற்றக் கையால் காளானைக் கண்ணை நோக்கிக் கொண்டுவாருங்கள். இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் ஆட்டம் அடங்கிவிடும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். கொஞ்சம் முன்பின் நகர்த்தினால் சரியாகிவிடும். கழற்ற மனமில்லாதவர்கள் 20 மி.மீ.க்குக் குறையாத அகலமாகப் பார்த்து வாங்குங்கள்.

பட்ட மரக்கட்டையில் வெள்ளையாக, மேலே ரோமத்துடன் சின்ன விசிறிகளாக முளைக்கும் காளானை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்பது அதன் பெயர். அதைத் திருப்பி லென்ஸில் பாருங்கள். செவுள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் அந்த இரு பாதியும் வெளிப்பக்கம் சுருண்டு, வித்து உண்டாகும் பரப்பை உள்ளே மூடிக்கொள்ளும். மழை பட்டால் மறுபடி விரியும். காய்ந்த துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து ஈரத்துணியில் வைத்தால் அது விரிவதை நீங்களே பார்க்கலாம். வெறுங்கண்ணுக்கு வெறும் வரியாகத் தெரிவது இத்தனை வேலை செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காளான் இது. லென்ஸ் வாங்கியவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

அடியில் செவுள் இல்லாமல் துளைகள் உள்ள மரக்காளான்களுக்கு, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை துளை என்பதே முக்கிய அடையாளம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஸ்கேலைத் துளைகளின் மேல் வைத்து எண்ணுங்கள். டிராமீட்டிஸ் வெர்சிகலரில் நாலைந்து இருக்கும். மஞ்சள் காம்புடன் புனல்போல நிற்கும் மைக்ரோபோரஸ் சாந்தோபஸில் எட்டு, பத்து என்று நெருங்கியிருக்கும், வெறுங்கண்ணுக்குத் துளையே இல்லாததுபோலத் தெரியும். டிராமீட்டிஸைப் போலவே மேலே வளையம் வளையமாக நிறம் காட்டும் ஸ்டீரியத்தைத் திருப்பினால் அடி வழுவழுப்பாக, துளையே இல்லாமல் இருக்கும். மட்கிய அடிமரத்தைச் சுற்றிக் கூட்டமாக முளைக்கும் குட்டிக்குடை, கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ். அதன் தொப்பி முழுக்க நுண்மயிர் இருக்கும். அதைக் காண வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். லென்ஸோடு சேர்ந்த எல்.இ.டி. விளக்கு நேரே அடிப்பதால் இப்படிப்பட்ட மேடுபள்ளமெல்லாம் மறைந்துபோகும். கையில் ஒரு சின்ன டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பதே மேல்.

லென்ஸால் ஆகாதவையும் உண்டு. வித்துகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அவற்றின் வடிவம் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். தின்னலாமா என்பதையும் லென்ஸ் சொல்லாது. மழைக்குப் பிறகு புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் கடும் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். இளசில் அதன் செவுள் எந்த லென்ஸில் பார்த்தாலும் தூய வெள்ளைதான். விரிந்த தொப்பியை ஓர் இரவு வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் வித்துகள் பச்சைப்பொடியாகப் படிந்திருக்கும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். பொடி பச்சையாக இல்லை என்பதற்காக வேறொரு காளானைச் சமைத்துவிடாதீர்கள். அதற்கு அந்தக் காளானைப் பரம்பரையாகப் பறித்துத் தின்று பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாங்கிய அன்றே லென்ஸில் சிவப்போ மஞ்சளோ ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சருகுக்குள் விழுந்த கறுப்பு லென்ஸைத் தேடியெடுப்பது கடினம். துடைக்கும் முன் ஊதித் தூசியைப் போக்குங்கள், ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும். ஈரத்தோடு மூடி வைத்தால் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும். மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு டப்பாவில் போட்டு வைத்தால் போதும்.