அடிக்காமலே ஜெயிக்கலாம்! - போக்கிமான் களத்தில் 'ஸ்டால்' டீம் கட்டுவது எப்படி?

2014 ஆகஸ்ட். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் போக்கிமான் உலக சாம்பியன்ஷிப். டிராகன், ராட்சதப் பல்லி என்று பார்த்தாலே பயமுறுத்தும் பூதங்களோடு பலரும் வந்திருந்த இடத்துக்கு, தென்கொரியாவின் செ ஜுன் பார்க் ஒரு அணிலைக் கூட்டிவந்தார். வெள்ளையும் நீலமுமாக, கொஞ்சிவிட்டுப் போகலாம் போலிருக்கும் அந்த அணிலின் பெயர் பச்சிரிசு. அதன் ஆறு திறன்களின் கூட்டுத்தொகை 405. அந்தக் களத்து டிராகன்கள் சில 600-ஐத் தொடும்.

டிராகன் வகையின் மிகக் கொடூரமான தாக்குதல்களில் ஒன்று 'டிராகோ மீட்டியோர்'. அது இறுதிப்போட்டியில் அணில் மேல் விழுந்தது. அணில் சாகவில்லை. அன்று சாம்பியன் பட்டமும் பார்க்குக்குத்தான் போனது.

பார்க் அந்த அணிலை அடிப்பதற்குப் பழக்கவில்லை. அடி வாங்குவதற்குப் பழக்கியிருந்தார். பயிற்சிப் புள்ளிகள் முழுவதும் உயிர்பலத்துக்கும் டிஃபென்ஸுக்கும் போயிருந்தன. அது இருவர் ஜோடியாக இறங்கும் டபுள்ஸ் ஆட்டம். பக்கத்தில் நிற்கும் கியாரடோஸுக்கு மின்சாரம் என்றால் ஆகவே ஆகாது. 'ஃபாலோ மீ' என்ற மூவைப் போட்டு, எதிராளியின் அடியையெல்லாம் அணில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வருவது மின்சாரமாக இருந்தால் இன்னும் நல்லது. பச்சிரிசுக்கு மின்சாரம் பட்டால் உயிர்பலத்தில் கால்பங்கு ஏறும்! அதாவது, நண்பனைக் கொல்ல வந்த அடி இதற்குச் சாப்பாடு.

'டிஃபென்ஸ் ஆடுறவங்க பயந்தாங்கொள்ளிங்க' என்று ஆன்லைனில் சண்டை போடுகிறவர்களுக்கு இந்த அணில்தான் என்னுடைய முதல் பதில். ஆனால் அது ஒற்றை அணில். டீம் முழுவதையும் அப்படிக் கட்ட முடியுமா? முடியும். அதற்குப் பெயர் 'ஸ்டால்'.

அரை நிமிட அறிமுகம்

கார்ட்டூனில் பிகாச்சுவைப் பார்த்ததோடு சரி என்பவர்களுக்காக இது. 1996-ல் ஜப்பானில் கேம்பாய்க்கு வந்த வீடியோ கேம் போக்கிமான். ஒருவருக்கு ஆறு போக்கிமான்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூவ்கள். நெருப்பு, நீர், இரும்பு, விஷம் என்று மொத்தம் 18 வகைகள். எந்த வகை எதை வெல்லும் என்பதற்கு ஒரு பெரிய அட்டவணையே உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுக்க வேண்டும். அடிக்கலாம், அல்லது களத்தில் நிற்பதை உள்ளே இழுத்துவிட்டு வேறொன்றை அனுப்பலாம். அனுப்பினால் அந்தச் சுற்று போச்சு.

இதில் ஒன்றுக்கு ஒன்று மோதும் சிங்கிள்ஸ் ஆட்டம்தான் ஸ்டாலின் வீடு. கூட்டி வந்த ஆறில் நான்கை மட்டும் இறக்கும் அதிகாரபூர்வ டபுள்ஸில், இரண்டு பேர் சேர்ந்து ஒருவனைக் குத்தினால் எந்தச் சுவரும் விழும். அதனால்தான் பார்க்கின் அணிலும் சுவராக இல்லாமல் கேடயமாக நின்றது.

கணக்கு இதுதான்

ஸ்டாலின் அடிப்படை ஒற்றை வரிக் கணக்கு. 'ரிகவர்', 'சாஃப்ட்-பாய்ல்டு' போன்ற மூவ்கள் ஒரே சுற்றில் மொத்த உயிர்பலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும். எதிராளியின் அடி ஒவ்வொன்றும் பாதிக்குக் குறைவாக இருந்தால், அவன் காலம் முழுக்க அடித்தாலும் கொல்ல முடியாது.

அடியைப் பாதிக்குக் கீழே கொண்டுவருவது எப்படி? இங்கேதான் சான்ஸி வருகிறது. முட்டை வைத்திருக்கும் இளஞ்சிவப்புக் குண்டம்மா. லெவல் 100-ல் இதன் உயிர்பலத்தை 704 வரை கொண்டுபோகலாம். ஆனால் உடல்ரீதியான அடியைத் தாங்கும் டிஃபென்ஸ் படுமோசம். பயிற்சியே இல்லாவிட்டால் வெறும் 46. புதிதாக ஆடுபவர்கள், 'பலவீனமான இடத்தில் எதற்குப் புள்ளியை வீணடிப்பது' என்று நினைப்பார்கள். அனுபவசாலிகள் அங்கேதான் கொட்டுவார்கள். ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 பயிற்சிப் புள்ளிகள், ஒரே திறனுக்கு அதிகபட்சம் 252. டிஃபென்ஸுக்கு 252 போட்டு, சுபாவத்தையும் அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தால் 46 என்பது 119 ஆகும். டிஃபென்ஸ் ஏற ஏற அடி அதே விகிதத்தில் இறங்கும் என்பதால், முன்பு 100 வலித்த இடத்தில் இப்போது 39 அளவுக்குத்தான் வலிக்கும்.

அதோடு முடியவில்லை. இன்னும் முழு வளர்ச்சி அடையாத போக்கிமான் 'எவியோலைட்' என்ற கல்லை வைத்துக்கொண்டால் இரண்டு தற்காப்புத் திறன்களும் ஒன்றரை மடங்கு ஆகும். 119 இப்போது 178. சான்ஸி வளர்ந்தால் பிளிஸ்ஸி. அந்தப் பிளிஸ்ஸிக்கு அதே பயிற்சியைக் கொடுத்தால் 130-தான் வருகிறது! தங்கச்சி அக்காவைவிட உறுதி. கல்லைப் பிடுங்கிவிட்டால் மட்டும் கதை மாறிவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆறு பேரும் சுவரா?

'தாங்குற ஆறு பேரை எடு, முடிஞ்சுது' என்று நினைத்துத்தான் பல டீம்கள் தோற்கின்றன. தாங்குவது மட்டும் போதாது, ஒருவர் விட்ட ஓட்டையை இன்னொருவர் அடைக்க வேண்டும். இதற்கு ஆதிகால உதாரணம், 1999-ன் கோல்டு, சில்வர் கேம்களில் அறிமுகமான ஸ்கார்மரி - பிளிஸ்ஸி ஜோடி. ஸ்கார்மரி இரும்பு இறக்கை கொண்ட பறவை. நிலநடுக்கமும் விஷமும் அதைத் தொடவே தொடாது. உடல்ரீதியான அடிகளுக்கு அது கோட்டைச் சுவர். அதற்கு எமன் இரண்டே வகைதான். நெருப்பு, மின்சாரம். இந்த இரண்டும் பெரும்பாலும் தூரத்திலிருந்து வரும் 'ஸ்பெஷல்' அடிகளாக வரும். அவற்றைத்தான் பிளிஸ்ஸி சர்வசாதாரணமாக வாங்கிக்கொள்ளும். பிளிஸ்ஸியின் ஒரே பலவீனம் குஸ்தி வகை. அவன் வந்தால் ஸ்கார்மரி. நெருப்பு வந்தால் பிளிஸ்ஸி. புருஷன் பெண்டாட்டி மாதிரி மாறி மாறிக் கடைக்குப் போய் வருவார்கள்.

இப்படி ஒரு ஜோடியை முதலில் முடிவுசெய்துவிட்டு, அவர்கள் இருவராலும் முடியாதது எது என்று கேட்டுக்கொண்டே மீதி நால்வரைச் சேர்ப்பதுதான் சரியான வழி. அப்படிக் கேட்டால் முதலில் வரும் பதில், நடனமாடித் தன் பலத்தை இரண்டு, மூன்று மடங்காக ஏற்றிக்கொள்ளும் எதிரி. அவனுக்கு டோண்டோஸோ. பெரிய மீன். எதிரி எவ்வளவு பலம் ஏற்றியிருந்தாலும் 'அப்படியா, எனக்குத் தெரியாதே' என்று கண்டுகொள்ளாமல் இருப்பது அதன் இயல்பு. அடுத்து டாக்ஸபெக்ஸ் போல, களத்தைவிட்டு உள்ளே போனாலே மூன்றில் ஒரு பங்கு உயிர்பலம் திரும்பப் பெறும் ஒருவர். ஸ்டால் ஆட்டத்தில் மாற்றி மாற்றி அனுப்புவதே பாதி வேலை என்பதால், இவருக்கு இலவச வைத்தியம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

சரி, ஜெயிப்பது எப்படி?

2021 சிட்னி டெஸ்ட்டில் அஸ்வினும் ஹனுமா விஹாரியும் நின்ற மாதிரி என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. அங்கே கட்டை போட்டால் டிரா கிடைக்கும். இங்கே டிராவுக்காக யாரும் ஆடுவதில்லை, எதிரியின் ஆறு பேரும் விழ வேண்டும்.

அதற்குத்தான் 'டாக்ஸிக்' விஷம். முதல் சுற்றில் உயிர்பலத்தில் 16-ல் ஒரு பங்கு போகும். அடுத்த சுற்றில் இரண்டு பங்கு, அதற்கடுத்து மூன்று. ஐந்து சுற்றில் 15 பங்கு காலி, ஆறாவதில் ஆள் காலி. தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தால் விஷத்தின் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். அதனால்தான் வாசலில் முள் போட்டுவைக்கிறோம். 'ஸ்பைக்ஸ்' முள்ளை மூன்று அடுக்கு விரித்துவிட்டால், உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் தரையில் நடக்கும் போக்கிமானுக்குக் கால்பங்கு உயிர் போகும். பறப்பவர்களுக்கு 'ஸ்டெல்த் ராக்'. நெருப்பும் இறக்கையும் கொண்ட சாரிஸார்ட் வெறுமனே களத்துக்குள் காலெடுத்து வைத்தாலே பாதி உயிர் பறந்துவிடும். நின்றால் விஷம், போனால் முள். ஸ்டால் டீம் ஒரு அடிகூட ஓங்கி அடிக்காமல் ஜெயிக்கும் ரகசியம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பார்க்க அழகாக இருக்காது. ஒரு மேட்ச் நூறு சுற்றுகளைத் தாண்டுவதும் உண்டு. எதிரில் ஆடுபவர் கடுப்பாகி பாதியிலேயே கிளம்பிவிடுவதும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 'அவன் அடிப்பானா, மாற்றுவானா' என்று யோசித்து, ஒரே ஒரு தடவை தப்பாகக் கணித்தால் சுவர் ஒன்று இடிந்துவிடும் என்ற பயத்தோடு ஆடுவதைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது?

எல்லை எது என்ற கேள்வி நியாயமானது. ஒரு காலத்தில் 'ஃபன்ப்ரோ' என்று ஒரு குறும்பு கிளம்பியது. ஸ்லோப்ரோ எதிரியைக் கட்டிப்போடும். தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும். எதிரி செத்துவிடாமல் அவனையும் குணப்படுத்தும்! தீர்ந்துபோன மூவ்களை ஒரு பழத்தைத் தின்று நிரப்பிக்கொண்டு, அந்தப் பழத்தையே திரும்ப வரவழைக்கும். முடிவே இல்லாத மேட்ச். ஜெயிப்பது நோக்கமில்லை, எதிராளி வெறுத்துப்போய் எழுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான். ரசிகர் சமூகமான ஸ்மோகன் இதற்காகவே முடிவற்ற ஆட்டத்தைத் தடைசெய்து விதி எழுதியது. மெதுவாக ஜெயிப்பதும் அடுத்தவன் நேரத்தைத் தின்பதும் வேறு வேறு என்பதைச் சரியாகப் பிரித்த விதி அது.

சுவர் இடியும் இடங்கள்

'டாண்ட்' என்ற மூவ் விழுந்தால் சில சுற்றுகளுக்கு அடிக்கும் மூவ்களை மட்டுமே பயன்படுத்த முடியும். குணப்படுத்துவதையே நம்பியிருக்கும் சான்ஸிக்கு அது கை கட்டிய மாதிரி. 'நாக் ஆஃப்' கையில் இருப்பதைத் தட்டிவிடும். எவியோலைட் போனால் தங்கச்சி வெறும் தங்கச்சிதான். இதையெல்லாம் மனதில் வைத்து, நாக் ஆஃப் வரும் என்று தோன்றும்போது கையில் இழக்க ஒன்றுமில்லாத ஆளை முன்னே அனுப்ப வேண்டும்.

ஆனால் ஸ்டால் ஆட்டக்காரர்களுக்குப் பெரிய அடியைக் கொடுத்தது எதிராளிகள் இல்லை, கேமைத் தயாரித்தவர்கள்தான். 2019-ல் வந்த ஸ்வார்டு, ஷீல்டு கேம்களில் ஒரு ஜோடி பூட்ஸ் அறிமுகமானது. அதைப் போட்டுக்கொண்டால் முள்ளும் குத்தாது, கல்லும் குத்தாது. 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் இன்னும் ஒரு படி மேலே போனது. முன்பு கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைத்த டாக்ஸிக் பெரும்பாலான போக்கிமான்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ரிகவர் வகை மூவ்களை அதிகபட்சம் 16 முறை பயன்படுத்தலாம் என்றிருந்தது 8 ஆனது. போதாக்குறைக்கு கோல்டெங்கோ என்ற தங்கக் காசு மனிதன் வந்தான். நேரடி அடியைத் தவிர எந்தத் தந்திரமும் அவன்மேல் பலிக்காது. இரும்பு வகை என்பதால் விஷமும் ஏறாது.

எட்டே முறைதான் குணப்படுத்தலாம் என்றால் ஆட்டமே மாறுகிறது. முன்பு கொஞ்சம் அடிபட்டாலே ஒரு ரிகவர் போடலாம். இப்போது ஒவ்வொன்றும் மாதக் கடைசிச் சம்பளம் மாதிரி. எதிரியின் பலமான மூவ் இன்னும் எத்தனை முறை பாக்கி என்று எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். அவனுடைய 8 முதலில் தீருமா, நம்முடைய 8 முதலில் தீருமா? பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு ஆடுவதில் தப்பில்லை.

இதையெல்லாம் முயன்றுபார்க்க கன்சோல் வாங்க வேண்டும் என்றில்லை. 'போக்கிமான் ஷோடவுன்' என்ற இலவச சிமுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும். அங்கே போக்கிமானை வருடக்கணக்காக வளர்க்கவும் தேவையில்லை, டீமை டைப் செய்தால் போதும். ஒரு யோசனை. யாரோ ஒருவரின் தயார் டீமை எடுத்து ஆடினாலும், முதல் சில மேட்ச்களுக்கு ஜெயிப்பு தோல்வியைப் பார்க்காதீர்கள். எந்த மூவில், எந்த எதிரியிடம் முதல் சுவர் விழுந்தது என்பதை மட்டும் குறித்துவையுங்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்தால், டீமின் ஆறாவது ஆளை மாற்றும் நேரம் வந்துவிட்டது.