புள்ளியும் குழலும்
குறிநோக்கியை எவ்வளவு உயரத்தில் பொருத்துவது?

ரைபிளின் குழல் ஓரிடத்தில் உள்ளது. குறிபார்ப்பவரின் கண் அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே உள்ளது. இவ்விரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துதல் எந்தக் கைத்திறனாலும் ஆகாத செயல். ஆகவே, கண் பார்க்கும் கோடு வேறு, குண்டு செல்லும் பாதை வேறு என்பதே குறிபார்த்தலின் முதற்பாடமாகும். இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன, எங்கே விலகுகின்றன என்பதை நிர்ணயிப்பவற்றுள் முக்கியமானது குறிநோக்கி பொருத்தப்படும் உயரம். அண்மைக் காலத்தில் விளையாட்டுத் துப்பாக்கிகளிலும், காவற்படையினரின் ரைபிள்களிலும், வனவிலங்குகளுக்கு மயக்க மருந்து செலுத்தும் ஊசித் துப்பாக்கிகளிலும் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கிகள் பெருகி வருவதால், இவ்விஷயத்தைச் சரிவர அறிந்து கொள்ளுதல் அவசியமாகிறது.

பழைய முறையும் அதன் இடர்ப்பாடும்

பழைய ரைபிள்களில் பின்குறி, முன்குறி என இரண்டு உலோகக் குறிகள் உண்டு. கண், பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய நான்கும் ஒரு கோட்டில் அமைய வேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காணும் தன்மையுடையது. முன்குறி தெளிந்தால் இலக்கு மங்கும். இலக்கு தெளிந்தால் முன்குறி மங்கும். நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்துத் தொடங்கியவர்களுக்கு இத்தொல்லை இன்னும் மிகுதி.

இதற்கு ஒரு பரிகாரத்தை 1900-ஆம் ஆண்டில் கண்டவர் அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்துவந்த சர் ஹாவர்டு கிரப் என்பவர். ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கி இவருடைய தொழிற்சாலையில் உருவானதே. வான ஆராய்ச்சிக்கு உதவிய அதே ஒளியியல் தத்துவத்தை அவர் துப்பாக்கிக்கும் பயன்படுத்தினார். ஒரு வில்லையின் குவியத்தில் ஒளிப்புள்ளியொன்றை வைத்தால், வில்லையினின்று வெளிவரும் கதிர்கள் இணைகதிர்களாகும். அவற்றை ஒரு கண்ணாடித் தகட்டில் பிரதிபலிக்கச் செய்து கண்ணுக்கு அனுப்பினால், அப்புள்ளி முடிவிலாத் தொலைவில், இலக்கின் மீதே ஒட்டியிருப்பது போல் தோன்றும். புள்ளியும் இலக்கும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். முதல் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மானிய விமானங்கள் சிலவற்றிலும், இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான போர் விமானங்களிலும் இம்முறை கையாளப்பட்டது.

கைத்துப்பாக்கிக்கும் ரைபிளுக்கும் இக்கருவி வந்து சேரச் சிறிய, சிக்கனமான ஒளிமூலம் தேவைப்பட்டது. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளி உமிழும் டையோடை அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோனியாக் 1962-ஆம் ஆண்டில் செய்து காட்டினார். ஸ்வீடன் நாட்டின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975-இல் அதனை உபயோகித்து மின்னணுக் குறிநோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதில் தனியான கண்ணாடித் தகடு இல்லை. முன்புறமுள்ள வளைந்த கண்ணாடியே ஆடியின் வேலையைச் செய்கிறது. அதன்மேல் பூசப்பட்ட மெல்லிய படலம் டையோடின் செந்நிறத்தை மட்டும் கண்ணை நோக்கித் திருப்பி, ஏனைய நிறங்களை ஊடுருவ விடுகிறது. இத்தகைய குறிநோக்கிகளின் வழியே பார்க்கும்போது காட்சி சற்று நீலம் பாரித்துத் தெரிவதற்கு இதுவே காரணம்.

புள்ளி காட்டும் உண்மை

புள்ளி இலக்கின் மீது தெரிகிறது என்பதால், குறிநோக்கியிலிருந்து செந்நிறக் கதிர் ஏதும் இலக்கை நோக்கிச் செல்வதாக எண்ணலாகாது. ஒளி கண்ணுக்கு மட்டுமே வருகிறது. கண் சற்று மேலோ கீழோ நகர்ந்தால் புள்ளியும் கண்ணாடியில் அவ்வளவே நகரும். ஆயினும் அது சுட்டும் திசை மாறாது. இடமாறு தோற்றப் பிழை இதில் அடியோடு இல்லை எனச் சிலர் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. கண் அச்சிலிருந்து எவ்வளவு விலகியுள்ளதோ, ஏறத்தாழ அவ்வளவு பிழை எத்தொலைவிலும் இருக்கும். கண்ணாடியின் விட்டம் 20 மி.மீ. எனில், நன்கு செய்யப்பட்ட கருவியில் இப்பிழை சுமார் 10 மி.மீ.-க்குள் அடங்கிவிடும். இது பெரிதன்று. ஆனால் குறிநோக்கியின் உயரத்தால் விளையும் வேறுபாடு இதனினும் பன்மடங்காகும்.

உயரத்தின் கணக்கு

ஈசாப்பூரில் செய்யப்பட்ட .303 போன்ற பழைய ரைபிள்களில் மரக்கட்டை குழலின் மட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண் குழலுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். எனவே அவற்றில் குறிகள் தாழ்வாக அமைந்தன. பிற்காலத்து ஏ.ஆர். வகை ரைபிள்களில் அடிக்கட்டை குழலுக்கு நேராகவே பின்னோக்கி நீள்கிறது. சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பு நேராகத் தோளில் இறங்கி, குழல்முனை மேலெழும்பாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இதனால் கண்ணின் இருப்பிடம் உயர்ந்தது. குறிநோக்கியும் உயர்ந்தாக வேண்டியதாயிற்று.

இவ்வகை ரைபிளின் மேற்புறத்தில் குறுக்கே பள்ளங்கள் வெட்டிய உலோகப் பட்டை ஒன்று உண்டு. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் இதன் அளவுகளைத் திட்டப்படுத்தியது. பிக்காட்டினிப் பட்டை என்பது இதன் பெயர். குறிநோக்கியின் நடு அச்சு இப்பட்டைக்குச் சுமார் 36 மி.மீ. மேலே அமைந்தால், அது உலோகக் குறிகளின் கோட்டோடு ஒன்றும். சுமார் 40 மி.மீ. ஆனால் உலோகக் குறிகள் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஒதுங்கித் தெரியும். முகமூடி அணிந்தோ, தலையை நிமிர்த்தியோ சுடுவோர் 49 அல்லது 57 மி.மீ. உயரமுள்ள தாங்கிகளையும் பயன்படுத்துகின்றனர். பட்டைக்கும் குழலின் நடு அச்சுக்கும் உள்ள இடைவெளி சுமார் 30 மி.மீ.; அதனையும் கூட்டிக்கொண்டால் குழலுக்கு மேல் குறிநோக்கியின் மொத்த உயரம் கிடைக்கும்.

இனி ஓர் உதாரணம். குறிநோக்கி குழலுக்கு மேல் 66 மி.மீ. உயரத்தில் உள்ளது. குண்டின் தொடக்க வேகம் விநாடிக்குச் சுமார் 930 மீட்டர். 50 மீட்டரில் குண்டும் புள்ளியும் சந்திக்குமாறு சரிசெய்யப்பட்டுள்ளது. அவ்வாறாயின் 10 மீட்டரில் குண்டு புள்ளிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. கீழே படும், 25 மீட்டரில் 3 செ.மீ. கீழே, 100 மீட்டரில் 3 செ.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக மேலே. உயரத்தை 88 மி.மீ. ஆக்கினால், 10 மீட்டரில் தாழ்வு சுமார் 7 செ.மீ. ஆகவும், 100 மீட்டரில் ஏற்றம் ஐந்தரை செ.மீ. ஆகவும் பெருகும். 40 மி.மீ. ஆகக் குறைத்தால், 10 மீட்டரில் 3 செ.மீ. தாழ்வும், 100 மீட்டரில் 1 செ.மீ. அளவு ஏற்றமும் மட்டுமே. உயர்ந்த தாங்கி தவறானது என்பதன்று இதன் கருத்து. எந்த உயரத்தைத் தேர்ந்தாலும் அதற்குரிய வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும் என்பதே.

உயரத்தால் விளையும் அபாயம் மற்றொன்று உண்டு. பாறை, வரப்பு, ஜீப்பின் பக்கத் தகடு போன்றவற்றுக்குப் பின்னிருந்து குறிபார்ப்பவருக்குக் கண்ணாடியில் வழி திறந்தே தெரியும். ஆனால் ஆறேழு செ.மீ. கீழே உள்ள குழலின் வாய் அத்தடையை நோக்கியே இருக்கக்கூடும். புள்ளி தடையின்றித் தெரிவது குழலுக்கும் தடையில்லை என்பதற்குச் சான்றாகாது. விசையில் விரல் வைக்குமுன் குழல்முனையை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம் இன்றியமையாதது.

ஊசித் துப்பாக்கியில்

ஊருக்குள் புகுந்த சிறுத்தையையோ, கிணற்றில் வீழ்ந்து காயமுற்ற காட்டுவிலங்கையோ மயக்குவதற்குக் கால்நடை மருத்துவர் பயன்படுத்தும் ஊசித் துப்பாக்கியில் நிலைமை வேறு. இங்கே வேகம் மிகக் குறைவு. விநாடிக்கு 60 மீட்டர் எனக் கொண்டால், காற்றின் தடையைக் கருதாவிடினும், 30 மீட்டர் செல்வதற்குள் ஊசி 1.2 மீட்டருக்கு மேல் தாழும். ஆகையால் குழல் பார்வைக் கோட்டுக்குக் கணிசமாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயு அழுத்தத்தால் இயங்கும் துப்பாக்கிகளில் தூரத்துக்கும் ஊசியின் எடைக்கும் ஏற்ப அழுத்தம் மாற்றப்படுகிறது.

ஊசி படவேண்டிய இடம் பின்தொடையிலோ தோளிலோ உள்ள தடித்த தசை. விலா, வயிறு, முதுகெலும்பு ஆகியவற்றில் பட்டால் விலங்குக்குக் கேடு. சிறிய விலங்காயின் உயிருக்கே ஆபத்து. முற்கூறிய வேகத்தில் 30 மீட்டருக்கெனச் சரிசெய்த துப்பாக்கியால், 20 மீட்டரில் நிற்கும் விலங்கை அதே அழுத்தத்துடன் சுட்டால், ஊசி புள்ளிக்குச் சுமார் 25 செ.மீ. மேலே சென்று படும்; அதிக வேகத்துடனும் தாக்கும். தொடையை நோக்கிய ஊசி முதுகெலும்பைத் தாக்க இவ்வளவே போதும். எனவே தூரத்தைச் சரியாகக் கணிக்கும் உடன்பணியாளரின் பொறுப்பு, சுடுபவரின் பொறுப்புக்குக் குறைந்ததன்று.

துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பதும் பிழை விளைவிக்கும். மேற்கண்ட உதாரணத்தில் 5 பாகை சாய்வு, 30 மீட்டரில் ஊசியை ஏறத்தாழ 11 செ.மீ. பக்கவாட்டில் விலக்கிவிடும்.

பொருத்தும் முறை

முதலாவது, உயரத்தைத் தேர்தல். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை சோதித்தறிந்த பின், அதனைப் பயன்படுத்துபவர் கண்களை மூடிக்கொண்டு, கன்னம் கட்டையில் இயல்பாகப் பதியுமாறு தோளில் ஏந்த வேண்டும். பிறகு கண்களைத் திறக்க, புள்ளி கண்ணாடியின் நடுவில் தெரியுமாயின் உயரம் பொருத்தமானது. புள்ளி மேல்விளிம்பை ஒட்டித் தெரிந்தால் குறிநோக்கி தாழ்ந்துள்ளது; கீழ்விளிம்பில் தெரிந்தால் உயர்ந்துள்ளது. கன்னம் பதியாமல் மோவாய் மட்டுமே கட்டையைத் தொடுகிறதென்றால், தாங்கியின் உயரத்தைக் குறைக்கவேண்டும், அல்லது கட்டையின் மேல் கன்னப்பட்டை அமைக்கவேண்டும். கன்னம் இயல்பாகப் பதியும் உயரங்களுள் மிகக் குறைந்ததைக் கொள்வதே பொது விதி. பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் துப்பாக்கியில் அனைவரையும் இச்சோதனைக்கு உட்படுத்துவது நலம்.

இரண்டாவது, தூய்மை. தாங்கியும் பட்டையும் சேரும் பரப்புகளை எண்ணெயும் தூசியும் இன்றித் துடைக்கவேண்டும். 5 செ.மீ. நீளமுள்ள தாங்கியின் ஒரு முனையில் 0.2 மி.மீ. பருமனுள்ள மணற்பரல் ஒன்று சிக்கிக் கொண்டால், 30 மீட்டரில் 12 செ.மீ. பிழை உண்டாகும். திருகாணிகளைத் தயாரிப்பாளர் குறித்த இறுக்கத்துக்கு முடுக்கி, அவற்றின் தலைக்கும் தாங்கிக்கும் குறுக்கே வண்ணத்தால் ஒரு கோடு இடவேண்டும். கோடு விலகினால் திருகாணி தளர்ந்ததென அறியலாம்.

மூன்றாவது, சரிபார்த்தல். குறிநோக்கியைக் கழற்றி மாட்டினாலும், தாங்கியை மாற்றினாலும், துப்பாக்கி கீழே வீழ்ந்தாலும், அனுமதி பெற்ற சுடுதளத்தில் மீண்டும் சுட்டுப் பார்க்கவேண்டும். அண்மையில் ஒன்று, நடுத்தரத் தொலைவில் ஒன்று, இயன்ற மிகத் தொலைவில் ஒன்று என மூன்று தூரங்களில் புள்ளிக்கும் பட்ட இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அட்டையில் எழுதித் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒட்டிவைத்தல் சிறந்த முறையாகும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றிச் சுடுகருவிகளை வைத்திருத்தல் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வகுப்பறையில்

இத்தத்துவத்தை விளக்க ஆசிரியர்களுக்குத் துப்பாக்கி எதுவும் வேண்டுவதில்லை. 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குவிவில்லை, ஊசித்துளையிட்ட அட்டைக்குப் பின் வைத்த சிறு செந்நிற டையோடு, ஒரு தெளிந்த கண்ணாடித் தகடு ஆகியவை போதும். துளையை வில்லையின் குவியத்தில் வைத்து, வெளிவரும் கதிர்களின் வழியில் தகட்டை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, நிழலான இடத்திலிருந்து அதனூடே தொலைவிலுள்ள மரத்தைப் பார்க்கச் செய்யவேண்டும். தலையை அசைத்தாலும் புள்ளி மரத்தைவிட்டு அகலாதிருப்பதை மாணவர் காண்பர். துளையை வில்லைக்கு 5 செ.மீ. நெருக்கி வைத்தால், தலையசைவுக்கேற்பப் புள்ளி மரத்தின்மேல் அலைவதையும் காண்பர். சூரியனை நோக்கி இச்சோதனையைச் செய்யலாகாது.

கணிதம் கற்பிப்போர் கட்டத்தாளில் கிடைமட்டத்தில் 1 செ.மீ.-க்கு 5 மீட்டர் எனவும், செங்குத்தில் 1 செ.மீ.-க்கு 2 செ.மீ. எனவும் அளவு கொண்டு, பார்வைக் கோட்டை நேர்கோடாகவும் குண்டின் பாதையை வளைகோடாகவும் மாணவரைக் கொண்டு வரைவிக்கலாம். குறிநோக்கியின் உயரங்கள் மூன்றுக்கு மூன்று வளைகோடுகள் வரைந்தால், அவை மூன்றும் 50 மீட்டரில் ஒரு புள்ளியில் கூடி, அதற்கு முன்னும் பின்னும் பிரிந்து செல்வது நன்கு விளங்கும். பரவளையம் என்பது பாடநூலில் மட்டும் காணும் வடிவமன்று என்பதை மாணவர் உணர்வதற்கும் அது துணைபுரியும்.