ஊசிமுனையிலும் இஹ்ஸான்



மதுராந்தகம் ஏரிப்பாசன வயல்களில் நாற்று நடுவோரையும், இரவில் வரப்பில் நடப்போரையும் பாம்பு தீண்டும் அபாயம் என்றும் உண்டு. கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, குதிரையின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாமல்லபுரத்திற்கு வடக்கே, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சும் அங்கே எடுக்கப்படுகிறது. மகாராஷ்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களிலுள்ள மருந்து நிறுவனங்கள் இத்தகைய நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைகளுக்கு ஊசி மூலம் செலுத்துகின்றன. அவற்றின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவானதும், கழுத்து இரத்தக்குழாயில் பருத்த ஊசியைச் செருகி இரத்தம் எடுக்கின்றனர். இது ஒருமுறையோடு முடிவதில்லை.

நம் பிள்ளை பிழைக்க, எங்கோ ஒரு வாயில்லா ஜீவன் மீண்டும் மீண்டும் ஊசிக்குத்தைத் தாங்குகிறது. இதற்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன?

அல்லாஹ் எல்லாக் காரியத்திலும் இஹ்ஸானை விதித்துள்ளான் என்றும், அறுக்கும்போதும் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (முஸ்லிம்) கூறுகிறது. உயிரை எடுக்கும் வேளைக்கே இந்த நிபந்தனை என்றால், உயிர் காக்க இரத்தம் தரும் பிராணிக்கு எவ்வளவு பரிவு வேண்டும்!

அந்தப் பரிவுக்கு வழிகள் உண்டு:

1. குதிரைக்குக் குதிரை புதிய, கூரிய ஊசி வேண்டும். மழுங்கிய ஊசி தசையைக் கிழிக்கும். ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் பயன்படுத்தினால் இரத்தம் வழியாக நோய் பரவும்.

2. பருத்த ஊசிக்கு முன், முடி மழித்த இடத்தில் மரத்துப்போகும் களிம்பைப் பூசிப் போதிய நேரம் காத்திருக்கலாம். அல்லது மெல்லிய ஊசியால் மரப்பு மருந்து செலுத்தலாம்.

3. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தாமல் இடத்தை மாற்ற வேண்டும். கட்டியோ வீக்கமோ உள்ள இடத்தைத் தவிர்க்க வேண்டும்.

4. அடித்தும் மூக்கை முறுக்கியும் அடக்குவதைவிட, பிடரி முடியும் இடத்தில் மெல்லச் சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத் துடிப்பு தணியும். ஊசிக்குப் பின் விருப்பமான தீனி தர வேண்டும். வலியைக் குதிரை மறப்பதில்லை. ஒருமுறை துன்புற்றது மறுமுறை ஊசியைக் கண்டாலே மிரளும். அப்போது மருத்துவருக்கும் ஆபத்துதான்.

5. இரத்தத்தின் நீர்ப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திரும்பச் செலுத்தும் முறையும் உண்டு. இதனால் குதிரைக்கு இரத்தசோகை ஏற்படுவது குறைகிறது.

நாம் மருந்து நிறுவனம் நடத்துவோர் அல்லர். ஆயினும் கடற்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்போரும், வீட்டில் ஆடு மாடு வளர்ப்போரும் நம்மிடையே உள்ளனர். கால்நடை மருத்துவர் வரும்போது, புதிய ஊசியா என்று பணிவுடன் கேளுங்கள். பிராணியை அதட்டாமல் தடவிப் பிடியுங்கள். பிள்ளைகளை அருகில் நிறுத்தி இதைக் கற்றுக்கொடுங்கள்.

குதிரைகளின் நெற்றி முடியில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்பது நபிமொழி. அந்த நன்மையை அனுபவிக்கும் நாம், அதன் வேதனையையும் எண்ணிப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்பியருள்வானாக! ஆமீன்.